ஒட்டுப்போர்வையும் உழைப்பின் உரிமையும்: அலிஸ் வாக்கரின் சிறுகதை ஒன்றை முன்வைத்து

1

ஒரு பொருளின் பயன்பாட்டுப் பெறுமதிக்கும் அதன் அழகியற் பெறுமதிக்கும் இடையிலான உறவு மார்க்சிய அழகியல் மீண்டும் மீண்டும் எதிர்கொண்ட வினாவாகும். இதனைக் கோட்பாட்டுத் தளத்தில் மாத்திரம் நின்று ஆராய்வதிலும் பார்க்க, குறிப்பிட்டதோர் உற்பத்தி முறையையும் அதனைப் பொருளாகக் கொண்ட இலக்கிய ஆக்கமொன்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது பயன்தரும். ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின எழுத்தாளரான அலிஸ் வாக்கர் 1973 இல் வெளியிட்ட, 'அன்றாடப் பயன்பாடு' எனத் தமிழில் தலைப்பிடத்தக்க சிறுகதை இதற்கு ஏற்றதொரு களமாக அமைகின்றது.

கதையின் மையத்தில் இருப்பவை இரண்டு ஒட்டுப்போர்வைகள். பாட்டியின் பழைய உடுப்புகள், பாட்டனின் சட்டைகள், உள்நாட்டுப் போரில் அணிந்த சீருடையின் ஒரு சிறு துணுக்கு ஆகியவற்றை இணைத்துக் கையால் தைக்கப்பட்டவை அவை. நகரில் கல்வி கற்றுத் திரும்பும் மூத்த மகள் டீ, அவற்றைச் சுவரில் மாட்டுவதற்காகக் கேட்கிறாள். தாயோ அவற்றை இளைய மகள் மாகிக்கு, அவளது திருமணத்தின்போது கொடுப்பதாக வாக்களித்திருக்கிறாள். மாகி அவற்றைப் படுக்கையில் விரித்துக் கந்தலாக்கி விடுவாள் என்பது டீயின் வாதம். இறுதியில் தாய் அவற்றைப் பறித்து மாகியின் மடியில் போடுகிறாள்.

இக்கதையை நாகரிக மோகத்துக்கும் மண்ணோடு ஒட்டிய வாழ்வுக்கும் இடையிலான போராட்டமாகக் கண்டு, டீயைப் போலியெனத் தள்ளி, மாகியைப் போற்றும் வாசிப்பே பெருவழக்கு. இவ்வாசிப்பு முற்றிலும் தவறானதன்று, ஆயினும் போதாதது. சுவரா, படுக்கையா என்ற வினாவோடு நின்றுவிடும் விமர்சனம், அப்போர்வை எவ்வாறு உற்பத்தியாயிற்று என்பதையும் அதன் உரிமை யாருக்கு என்பதையும் கேட்கத் தவறிவிடுகின்றது.

2

இவ்விடத்தில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பென்ட் கிராமத்தை நோக்குவது பொருத்தமாகும். மூன்று புறமும் அலபாமா ஆற்றினாற் சூழப்பட்ட இப்பகுதி 1816 அளவில் பருத்திப் பெருந்தோட்டமாக உருவாயிற்று. அங்கு வாழ்வோருட் பலர் அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள். அவர்களிற் பெருந்தொகையினர் தாங்கியிருக்கும் பெற்வே என்ற குடும்பப்பெயர், அம்மூதாதையரை உடைமையாகக் கொண்டிருந்தவனின் பெயரே. கதையில் டீ தன் பெயரை ஒடுக்குவோர் இட்ட பெயரெனக் கூறி மாற்றிக்கொள்வதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாமைக்கு இதுவே காரணம்.

அடிமை முறை ஒழிந்தபின் வாரக் குடியானவர்களாகிய இம்மக்களைக் கடன் பிணித்தது. 1932 இல், கடன் கொடுத்திருந்த வணிகன் இறந்ததும் அவனது குடும்பத்தார் கருவிகள், கால்நடைகள், உணவுப்பொருள்கள் அனைத்தையும் அள்ளிச் சென்றனர். குளிரைத் தடுக்கும் வசதியற்ற பலகை வீடுகளில், போர்வை அலங்காரமன்று, உயிர்காக்கும் சாதனம். பழைய வேலையுடுப்புகளும் மாச் சாக்குகளும் கீலம் கீலமாகக் கிழிக்கப்பட்டு இணைக்கப்பட்டன. நீண்டகாலம் வெயிலில் வெளுத்த டெனிம் துணியில், கழற்றப்பட்ட சட்டைப்பை இருந்த இடம் மட்டும் கருநீலமாக நிற்கும். அந்த நிற வேறுபாட்டை உருவாக்கியது எந்தத் தூரிகையுமன்று. வயலில் உழைத்த உடலும் வெயிலுமே.

உருவத்தின் தோற்றுவாயையும் இங்கேயே காண்கிறோம். 'வீட்டுக்கூரை' என்ற பொருளில் அங்கு வழங்கும் அமைப்பில், நடுவிலுள்ள ஒரு சதுரத்தைச் சுற்றி, பக்கத்துக்கொன்றாகக் கீலங்கள் தைக்கப்பட்டு, போர்வை வெளிநோக்கி வளர்கின்றது. கீலங்களின் அகலம் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. ஒரு நிறம் தீர்ந்தால் மற்றொன்று தொடரலாம். எஞ்சிய துணி விதிக்கும் எல்லைக்குள்ளேயே தைப்பவள் தேர்வு செய்கிறாள். பற்றாக்குறை தானாக அழகைப் பிறப்பிப்பதில்லை. பற்றாக்குறைக்குள் நிகழும் தேர்வே அழகைப் பிறப்பிக்கின்றது. மேலும், மேற்பாகத்தை ஒருத்தி தனியே இணைத்தாலும், மேற்பாகம், பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைக்கும் வேலையைப் பெண்கள் பெரும்பாலும் கூடியே செய்தனர். தனியாளின் கற்பனையும் கூட்டு உழைப்பும் ஒன்றுக்கொன்று பகையானவை என்ற முதலாளித்துவ அழகியலின் முற்கோளை இந்நடைமுறை மறுக்கின்றது.

3

1966 இல், குடியுரிமைப் போராட்டத்தின் பின்னணியில், இப்பகுதிப் பெண்கள் 'சுதந்திரத் தையற் கூட்டு' எனப் பொருள்படும் பெயருடன் கூட்டுறவு ஒன்றை அமைத்தனர். வாக்காளராகப் பதியச் சென்றமைக்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் இருந்த காலம் அது. கூட்டுறவு ஊதியத்தைத் தந்தது. அதே வேளை, கடைகள் வேண்டிய ஒரேமாதிரியான வடிவங்களையும் திணித்தது. 1972 இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோடுரோய்த் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அவ்வேலையில் எஞ்சிய கோடுரோய்க் கீலங்கள் பெண்களின் வீடுகளுக்குச் சென்று, எவரது கட்டளைக்கும் உட்படாத போர்வைகளாயின. பண்ட உற்பத்தியின் கழிவிலிருந்தே சுதந்திரமான ஆக்கம் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2002 இல் இப்போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின. விமர்சகர் அவற்றை மத்தீஸ், கிளே ஆகியோரின் ஓவியங்களோடு ஒப்பிட்டனர். 2006 இல் அஞ்சல்முத்திரைகளிலும் அவை இடம்பெற்றன. 2007 இல் அக்கிராமத்துப் பெண்கள் மூவர், தமது ஆக்கங்களின் உரிமையும் வருவாயும் தொடர்பாக வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு அவை இணக்கத்தில் முடிந்தன. ஓவியமேதைகளோடு ஒப்பிட்ட உருவவாத விமர்சனத்திடம் இவ்வழக்குகளைப் பற்றிக் கூற எதுவுமில்லை. கோடுகளையும் நிறங்களையும் கண்ட அது உழைப்பைக் காணவில்லை.

4

இவ்வரலாற்றோடு கதைக்குத் திரும்பினால், அதன் பலமும் எல்லையும் ஒருங்கே புலப்படும். டீயின் தவறு பேணவேண்டும் என்று விரும்பியதன்று. பொருளை அதை ஆக்கும் அறிவிலிருந்து பிரித்துப் பேண விரும்பியதே. போர்வைகள் கந்தலானால் என்ன செய்வது என்ற நிலையில் தாய் கூறும் விடை, மாகிக்குத் தைக்கத் தெரியும், அவளால் மேலும் ஆக்க முடியும் என்பதாகும். கதையின் அச்சாணி இதுவே. மரபு என்பது முடிந்த பொருளன்று. கைமாறும் உற்பத்தித் திறன் என்பதை வாக்கர் மிகச் சிக்கனமாக நிறுவுகிறார்.

ஆயின், கதை குடும்பத்தின் எல்லையைத் தாண்டவில்லை. அங்கே போர்வை வழங்கப்படுகிறது, விற்கப்படுவதில்லை. எனவே படுக்கையைப் புனிதமாக்கிச் சுவரைப் பழிக்கும் வாசிப்புக்கு அது இடமளிக்கின்றது. அவ்வாசிப்பு வறுமையை அழகுபடுத்தும் அபாயம் உடையது. குளிரில் நடுங்கியோர் தமது போர்வை சுவரேறி வருவாய் தருவதை விரும்பினால், அதைப் பழிக்க எமக்கு உரிமையில்லை. முரண்பாடு சுவருக்கும் படுக்கைக்கும் இடையிலானதன்று. ஆக்குவோருக்கும் ஆக்கத்தின் பயனைக் கையகப்படுத்துவோருக்கும் இடையிலானது. மக்கள் கலையைப் போற்றும் முற்போக்கு விமர்சனம், அக்கலையின் நயத்தோடு அதை ஆக்கிய கைகளின் கூலியையும் கணக்கிடக் கடமைப்பட்டுள்ளது.