உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு: ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லின் அரசியல்

‘கம்ப்யூட்டர்’ என்றால் நமக்கு இயந்திரம். 1940களின் ஆங்கிலத்தில் அது ஒரு வேலையின் பெயர். கணக்குப் போடுகிற ஆள் என்று பொருள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் அந்த ஆள் பெரும்பாலும் பெண். நம் இலக்கணப்படி சொன்னால் உயர்திணை, பெண்பால். சில ஆண்டுகளுக்குள் அந்தச் சொல் அஃறிணையாகிவிட்டது. இந்தத் திணைமாற்றத்தில் யாருடைய உழைப்பு எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில், பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே போய் விழும் என்ற அட்டவணைகளைப் பெண்கள் கணித்தார்கள். ஜெனிஃபர் லைட் 1999இல் எழுதிய கட்டுரையின்படி அவர்கள் ஏறத்தாழ 200 பேர். அந்த வேலையை விரைவுபடுத்தவே எனியாக் கட்டப்பட்டது. 1945இல் அதற்குக் கணக்கேற்ற ஆறு பெண்கள் பொறுக்கப்பட்டார்கள்: கே மக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். முதலில் அவர்களுக்கு இயந்திரத்தைப் பார்க்கவே அனுமதியில்லை. அது ராணுவ ரகசியம். வரைபடங்களைக் கொடுத்து, படிச்சுப் புரிஞ்சுக்கங்க என்றார்கள். புரிந்துகொண்டார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த ராட்சதனில் கேபிள்களைச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி ஒரு கணக்கை ஏற்றுவது எப்படி என்பதை அவர்களே வகுத்தார்கள். கையேடு கிடையாது, கற்றுத்தர ஆளும் கிடையாது.

1946 பிப்ரவரி 15 அன்று நடந்த செயல்விளக்கத்தில், குண்டு பறந்து விழுகிற நேரத்துக்குள் அதன் பாதையை எனியாக் கணித்துக் காட்டியது. அந்த நிரல் ஸ்னைடரும் ஜென்னிங்ஸும் அமைத்தது. புகழ் எக்கர்ட்டுக்கும் மாக்லிக்கும் போனது. அன்றிரவு விருந்துக்கு இந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை.

இதை ‘மறதி’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மறதி தானாக நடப்பது. இது ஏட்டில் எழுதி நடந்தது. அரசு ஊழியத் தரவரிசையில் இவர்களுக்குக் கொடுத்த இடம் ‘துணைத் தொழில்முறை’. இயந்திரத்தைக் கட்டுவது அறிவு, அதற்குக் கணக்கேற்றுவது எழுத்தர் வேலை என்று அங்கேயே பிரித்தாயிற்று. அதே நிரலாக்கம் பிறகு சம்பளமும் மதிப்பும் உள்ள தொழிலானபோது அது ஆண்களுக்கான தொழிலாகிவிட்டது. 1980களில் மாணவியாக இருந்த காத்தி க்ளைமன் பழைய புகைப்படங்களில் இருக்கும் பெண்கள் யார் என்று விசாரித்தார். இயந்திரத்தை அழகாகக் காட்ட நிறுத்திவைத்த மாடல்கள், குளிர்சாதனப்பெட்டி விளம்பரத்தில் வருவார்களே அப்படி, என்று பதில் வந்ததாக அவர் சொல்கிறார். வகைப்படுத்தல் தன் வேலையை முடித்துவிட்டது. படத்தில் இருந்தும் அவர்கள் இல்லை.

சரி, இப்போது மீட்டாயிற்று. 1997இல் ஆறு பேருக்கும் கௌரவம் கிடைத்தது. 2022இல் க்ளைமனின் நூலும் வந்தது. இது தேவையான காரியம், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு இரண்டு தயக்கங்கள்.

ஒன்று, நாயகர் வரலாறு அப்படியே இருக்கிறது. இரண்டு நாயகர்களுக்குப் பக்கத்தில் ஆறு நாயகிகளைச் சேர்த்திருக்கிறோம், அவ்வளவுதான். அட்டவணைகளைக் கையால் கணித்த மற்ற பெண்கள் இன்னமும் ஓர் எண்ணிக்கைதான். தனித்த சாதனையை மட்டும் வரலாறாகப் பார்க்கிற கண்ணுக்குக் கூட்டு உழைப்பு தெரியாது.

இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. அந்தக் கணக்குகள் கொல்வதற்கான கணக்குகள். போர் முடிந்ததும் எனியாக்கில் முதலில் ஓட்டிய பெரிய கணக்கே ஹைட்ரஜன் குண்டு ஆராய்ச்சிக்கானது. ‘பெண்களும் செய்தார்கள்’ என்று பெருமைப்படும்போது என்ன செய்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா? அதற்காக அவர்களை மட்டும் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. எக்கர்ட்டையும் மாக்லியையும் யாரும் ஏற்றவில்லையே. இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கவேண்டும் என்கிறேன். பொறுப்பைச் சுமத்தாமல் புகழை மட்டும் கொடுத்தால், முடிவெடுக்கத் தெரியாத கை என்ற பழைய பிம்பத்தையே வேறு மாதிரி சொல்கிறோம்.

உயர்திணைக்குத் திரும்புவது என்றால் பெயரோடு சேர்த்துச் செய்த காரியத்துக்கும் சொந்தக்காரர் ஆவது. அப்படி எழுதப்பட்ட வரலாற்றையே நான் படிக்க விரும்புகிறேன்.