கினெக்ட்: பெட்டியோடு வந்தே ஆகவேண்டுமா?

மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013 நவம்பர் 22 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது விலை 499 டாலர். ஒரு வாரம் முந்திக்கொண்ட சோனியின் பிளேஸ்டேஷன் 4-க்கு 399 டாலர். இந்த நூறு டாலர் வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், கூடவே வைத்துக் கட்டிய, உடல் அசைவையும் குரலையும் உணரும் கினெக்ட் கேமரா. சோனியிடமும் கேமரா இருந்தது. வேண்டியவர்கள் தனியாக வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அதுதான் சரி. கினெக்ட் மட்டமான கருவி என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அறைக்குள் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டது. கும்மிருட்டிலும் ஆறு பேரை, ஆளுக்கு 25 மூட்டுகளாகப் பின்தொடர்ந்தது. “எக்ஸ்பாக்ஸ் ஆன்” என்று குரல் கொடுத்தால் டிவியும் சேர்ந்தே உயிர்பெற்றது. அருமையான பொறியியல். ஆனால் அருமையாக இருப்பதெல்லாம் அவசியமாகிவிடாது. கழற்றி வைத்தால் எது நின்றுபோகும் என்பதுதான் கேள்வி. கினெக்டைச் செருகாமலே எக்ஸ்பாக்ஸ் ஒன் இயங்கும் என்று, விற்பனைக்கு முன்பே, 2013 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

எல்லார் வீட்டிலும் கேமரா இருந்தால்தானே அதற்கென்று கேம் செய்ய ஆள் வருவார்கள் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அசைவை உணரும் ரிமோட்டைப் பெட்டியிலேயே தந்த நின்டென்டோவின் வீயை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் வீ ரிமோட் கூடுதல் இணைப்பு இல்லை, அதுதான் கன்ட்ரோலரே. பெரும்பாலான நாடுகளில் வீ ஸ்போர்ட்ஸ் கேமும் பெட்டியிலேயே வந்ததால் அதன் பயன் முதல் நாளே கைக்குப் புரிந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் கேமரா வந்தது, ஆனால் மைக்ரோசாஃப்டின் சொந்த கேமான கினெக்ட் ஸ்போர்ட்ஸ் ரைவல்ஸ் வந்துசேர 2014 ஏப்ரல் ஆயிற்று. அதைவிட முக்கியமான சிக்கல் உடம்பில் இருக்கிறது. நடனத்துக்கும் உடற்பயிற்சிக்கும் கேமராவைப் போல வேறொன்று இல்லை. கை எங்கே போக வேண்டும், எங்கே போனது என்று பார்ப்பதுதான் அங்கே ஆட்டமே. துப்பாக்கிச் சண்டையிலோ, கட்டைவிரலைக் கொஞ்சம் சாய்த்தால் வீரன் மைதானத்தைக் கடந்துவிடுவான். கேமரா முன்னால் நிற்பவர் எப்படி நடப்பார்? நாலு எட்டு வைத்தால் டிவியில் முட்டிக்கொள்வார். எத்தனை கோடிக் கேமரா விற்றாலும் இது தீராது. கட்டாயப்படுத்தாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதும் சரியில்லை: 2010-இல் தனியாகவும் விற்ற முதல் கினெக்ட் 60 நாளில் 80 லட்சம் போயிற்று.

குரல் கட்டளைக்காகவாவது வேண்டாமா என்பார்கள். அதற்கு மைக் போதும். வரவேற்பறையை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் கண் தேவையில்லை. பணம் தவிர இன்னொரு விலையும் இருந்தது. 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் 399 டாலருக்கு வந்தது. அதே சமயம், பெட்டியின் கிராஃபிக்ஸ் திறனில் கினெக்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த, 10 சதவீதம் வரையிலான பங்கு கேம் செய்பவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதுவரை, கேமரா பக்கம் திரும்பியே பார்க்காத கார் பந்தயமும் அதற்காகத் தன் பங்கை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. 2016-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: கினெக்டைச் செருகும் துளையையே எடுத்துவிட்டார்கள்.