எள்ளலும் நகையும்: நகைச்சுவையில் தோட்டத் தமிழர்

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையே தொல்காப்பியர் முதலில் வைத்தார். இளமையும் பேதைமையும் மடமும் அதன் பின்னரே வருகின்றன. உரையாசிரியரான பேராசிரியர் எள்ளலை மேலும் இரண்டாகப் பகுத்தார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. முன்னையது எளிதில் விளங்கும். பின்னையது சற்றே நின்று சிந்திக்கத்தக்கது. எள்ளப்பட்டவன் ஏன் நகுகின்றான்? தொலைக்காட்சி நகைச்சுவையில் இனங்கள் சித்திரிக்கப்படும் முறை பற்றிய விவாதம் இவ்வினாவைத் தொடாமலே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது.

இவ்வினாவுக்கு விடை தேடச் சப்ரகமுவத் தோட்டங்கள் தக்க களமாகும். நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பெருந்தொகையினர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலோ நிலைமை வேறு. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை ஆகிய பகுதிகளில் இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இங்குள்ள தொழிலாளியின் பிள்ளை வீட்டில் தமிழும், கடையிலும் பேருந்திலும் சிங்களமும் பேசுகின்றது. அதன் சிங்களத்தில் தமிழொலி கலக்கின்றது. அதன் தமிழில் சிங்களச் சொல் கலக்கின்றது. ஆகவே அது இரு புறத்தும் நகைப்புக்குரியதாகின்றது. சிங்கள நகைச்சுவையாளன் அதன் சிங்களத்தைப் போலச் செய்கின்றான். ஏனைய தமிழரோ அதன் தமிழைப் போலச் செய்து, ‘தோட்டக்காட்டான்’ என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகின்றனர்.

இனப் பேச்சுவழக்கைக் கொண்டு நகைச்சுவை படைத்த ஈழத்துத் தமிழ் ஆக்கங்களுள் மிகப் புகழ் பெற்றது ‘கோமாளிகளின் கும்மாளம்’ எனலாம். எஸ். ராம்தாஸ் எழுதி இலங்கை வானொலியில் ஒலித்த இத்தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. ராம்தாஸ் முஸ்லிம் பேச்சு வழக்கில் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் யாழ்ப்பாண வழக்கில் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழில் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீட் ஐயராகவும் தோன்றினர். தமிழர் மரிக்காராகவும் முஸ்லிம் ஐயராகவும் நடித்ததை மக்கள் பெரிதும் விரும்பினர். இதில் எவரும் புண்பட்டதாகப் பெரிய முறைப்பாடு எழவில்லை. காரணம் தெளிவு. நால்வரும் நிகரானவர்கள். ஒவ்வொருவர் பேச்சும் மற்றவர்களுக்கு விநோதமாக ஒலிக்கின்றது; ஆகவே எப்பேச்சும் அளவுகோலாக உயர்த்தப்படவில்லை. உபாலியின் தமிழில் பிழை உண்டு. ஆனால் உபாலி கூட்டாளிகளுள் ஒருவன்.

ஆயினும் இவ்வாக்கத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. அந்நால்வருள் தோட்டத் தொழிலாளி இல்லை. நாட்டின் பேச்சு வழக்குகள் ஒன்றுகூடிச் சிரிக்கும் அவையில், நாட்டின் ஏற்றுமதிப் பயிரை வளர்த்தவனின் வழக்குக்கு இடமில்லை. இதை ஆக்கியோனின் குற்றமாகக் கொள்வது பொருந்தாது. அக்காலக் கொழும்பு நகர வாழ்வின் பிரதிபலிப்பாகவே கொள்ளவேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்ட மக்கள் அவர்கள். ஒன்றரை இலட்சம் பேரின் கதி அன்று தீர்க்கப்படாமலே விடப்பட்டது. எண்ணிக்கையாக மட்டும் கருதப்பட்டவர்கள் நகைச்சுவையில் நிகரான பாத்திரமாக இடம்பெறாமை வியப்பன்று. அவ்விடம் கிடைக்காதவன் வேறிடங்களில் சமையற்காரனாகவும் வேலைக்காரனாகவும் பிழைமொழி பேசும் வெகுளியாகவும் வந்து போகின்றான். அவன் சொல்லும் நகைச்சுவை இல்லை. அவனைப் பற்றிய நகைச்சுவையே உண்டு.

மேனாட்டிலும் இவ்விவாதம் நெடுநாள் நிகழ்ந்தது. ஆங்கிலம் கற்கவந்த பிறநாட்டாரைக் கேலி செய்த ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர் 1977இல் தொடங்கியது. இனச் சித்திரிப்பு இழிவானது என அந்நிறுவன அதிகாரியே கருதியமையால் 1979இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் ‘ஆல் இன் த ஃபமிலி’ என்ற தொடர் இனவெறி பிடித்த ஆர்ச்சி பங்கர் என்பவனை நையாண்டி செய்யவே எழுதப்பட்டது. எனினும் விட்மார், ரோக்கீச் என்னும் ஆய்வாளர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, இனக்காழ்ப்பு மிகுந்த பார்வையாளர் அவனைக் கண்டு நாணாது அவனையே போற்றினர் எனக் காட்டியது. ஆசிரியரின் நோக்கம் நல்லதாயினும், பார்வையாளன் தான் கொண்டுவந்த மனத்தோடேயே சிரிக்கின்றான் என்பது இதனாற் பெறப்படும். ‘வேடிக்கைக்காகச் செய்தோம்’ என்ற விடை போதாது.

இலங்கையில் இதன் விளைவு இன்னும் கொடியது. தமிழ்மொழியில் ‘ப’ என்ற ஓரெழுத்தே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் பொதுவாக நிற்கின்றது. சொன்முதலில் மெல்லொலி தமிழுக்கு இயல்பன்று. ஆகவே சிங்களச் சொல்லின் முதலில் வரும் அவ்வொலி தமிழர் நாவிற் பிறழ்கின்றது. இப்பிறழ்வு நகைப்புக்கு எளிய பொருளாகும். ஆனால் 1983 யூலையில் வன்முறைக் கும்பல்கள் பேருந்துகளை நிறுத்தி, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை ஒலிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்டன என்பது பதிவாகியுள்ளது. மேடையிற் சிரிப்பை எழுப்பும் அதே ஒலி வீதியில் உயிரைப் பறித்தது. நகைச்சுவை அக்கொலைகளுக்குக் காரணம் என்பது மிகைக்கூற்று. எனினும், ஒரு மக்கட்பிரிவை அதன் நாவினால் அடையாளங் காணச் சமூகத்தின் செவியைப் பழக்கும் வேலையில் அதற்கும் பங்குண்டு என்பதை மறுத்தலரிது. 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்கள் தாக்குதலுக்குள்ளாயினர். அந்நினைவுடைய குடும்பத்துப் பிள்ளை பேருந்தில் தன் பேச்சு நையாண்டி செய்யப்படும்போது தானும் சேர்ந்து சிரிப்பது மகிழ்ச்சியினால் அன்று. அது தற்காப்பு, தான் தனித்து நிற்பதைத் தவிர்க்கும் வழி. பேராசிரியர் வகுத்த இரண்டாம் எள்ளலின் துயரமான வடிவம் இதுவாகும்.

அவ்வாறாயின் இத்தகைய நகைச்சுவையைச் சட்டத்தால் தடைசெய்யலாமா? கூடாது என்பதே அனுபவம் தரும் விடை. சிறுபான்மையினரை வெறுப்பிலிருந்து காக்கவேண்டிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், 2023இல் நதாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞர் மீதே பாய்ந்தது. பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டில் அவர் ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். புண்பட்டோம் எனக் கூறும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அக்கூற்றைக் கேட்டுப் பொலிசார் விரைவது வலியோர்க்கு மட்டுமே. லயத்திலிருப்பவன் புண்பட்டதற்காக எவரும் கைதாகார்.

மாற்றுவழி தோட்ட மக்களின் மரபிலேயே உள்ளது. அவர்களிடம் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் திரட்டிய மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் கேலிக்கு ஆளாகின்றனர். எள்ளல் அங்கே கீழிருந்து மேல்நோக்கிச் செல்கின்றது. பிறர் நகைக்கும் அவர்களது சொற்களோ வரலாற்றுச் சான்றுகள். ‘பெரட்டு’ என்பதில் விடியற்காலையில் ஆளெண்ணி நிறுத்திய தோட்ட ஒழுங்கு இருக்கின்றது. ‘அரைப்பேர்’ என்பதில் பாதியாகக் குறைக்கப்பட்ட ஒரு நாட் கூலி இருக்கின்றது. இச்சொற்களைக் கேட்டுச் சிரிப்பவன் அக்கூலியை அறியாதவன். அவற்றைக் கூறிச் சிரிக்கவைக்கும் தொழிலாளியோ அக்கூலியைக் குறைத்தவனைக் காட்டுகின்றான்.

ஆகவே ஒரு நகைச்சுவை தகுந்ததா என அறிய, அதில் இனச் சாயல் உண்டா என்று வினவுதல் போதாது. எள்ளப்படுபவனுக்கு மறுமொழி உண்டா, அவன் தன் சொல்லால் ஒருமுறையேனும் வெல்கின்றானா, அவன் வீட்டிலிருப்போர் அதனை அச்சமின்றிக் கேட்கலாமா என்பனவே வினவத்தக்கவை. ‘கோமாளிகள்’ தன் நால்வரைப் பொறுத்தவரை இச்சோதனையில் தேறும். ஐந்தாமவனை அழைக்காமையே அதன் குறை. அவ்வைந்தாமவன் எள்ளப்படும் பொருளாக அன்றி, எள்ளும் உரிமையுடையவனாக அவையேற வேண்டும். 2003ஆம் ஆண்டின் சட்டம் அம்மக்களுட் குடியுரிமையின்றி எஞ்சியிருந்தோர்க்கும் அதனை வழங்கியது. நகைச்சுவையில் நிகரிடம் பெறும் குடியுரிமை இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுதல் சட்டசபையின் பணியன்று. எழுதவும் நடிக்கவும் வல்ல தோட்டத்து இளைஞரின் பணியும், அவர்கள் பேசும்போது செவிசாய்க்கும் ஏனையோரின் பணியுமாகும்.