ஜுனூன்: பாக்கிஸ்தானின் ரொக் குழுவும் நம் மஸ்தான்களும்

ஜுனூன் என்ற அறபுச் சொல்லுக்குப் பித்து என்று பொருள். மஜ்னூன் என்ற பெயரும் அதே வேரில் வந்ததுதான். இந்தப் பெயரோடு 1990இல் லாகூரில் ஒரு ரொக் இசைக்குழு தொடங்கியது. 2005இல் அது பிரிந்தது. 2018 டிசம்பர் 25ஆம் திகதி கராச்சி மேடையொன்றில் அதன் மூன்று பேரும் மறுபடி சேர்ந்து நின்றார்கள். பதின்மூன்று வருஷம் காத்திருந்த ரசிகர்களுக்கு அது பெருநாள்.

பாக்கிஸ்தானில் மூன்று பேர் பிரிந்தால் என்ன, சேர்ந்தால் என்ன, புதுக்கடையில் இருக்கிற நமக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஒழுங்கைகளில் வேனிலும் ஓட்டோவிலும் உர்து, ஹிந்திப் பாட்டுக்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பொடியன்மாருக்கு ராகம் தெரியும், பொருள் தெரியாது. அதே பொடியன்மார் வெள்ளிக்கிழமை பயானில் இசை ஹராம் என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நம்முடைய சொந்தப் பாட்டு எங்கே போனது என்பதுதான் எனக்குள்ள கேள்வி. ஜுனூனின் கதையை அந்தக் கேள்விக்காகவே எடுத்திருக்கிறேன். அவர்களை உயர்த்தியது கிற்றார் மட்டுமென்றால் எழுத ஒன்றுமில்லை. ஒரு பழைய ஸூபிச் சொல் அவர்களை உயர்த்தியது. அந்தச் சொல்லோடு அவர்களுக்கிருந்த உறவைப் பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் விளங்கும்.

எங்கிருந்து வந்தார்கள்

ஸல்மான் அஹ்மத் லாகூரில் பிறந்து, நியூயோர்க் பக்கத்தில் பள்ளிக்கூடம் படித்தவர். அங்கேதான் கிற்றார் பழகினார். பிறகு மருத்துவம் படிக்க லாகூர் கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பினார். அது ஜெனரல் ஸியாவுல் ஹக்கின் காலம். கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கலைநிகழ்ச்சிக்குள் மதத்தின் பெயரால் புகுந்த சிலர் தன் கிற்றாரை உடைத்ததை 2010இல் வந்த தன் நூலில் அவர் எழுதியிருக்கிறார். மருத்துவம் படித்து முடித்தார். ஆனால் வாழ்க்கையைப் பாட்டுக்கே கொடுத்தார்.

முதலில் அவர் இருந்தது வைட்டல் சைன்ஸ் என்ற குழுவில். 1987இல் ‘தில் தில் பாக்கிஸ்தான்’ என்ற பாட்டால் நாடெங்கும் பேரெடுத்த குழு அது. அதன் பாடகர் ஜுனைத் ஜம்ஷேத். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். அந்தக் குழுவின் இனிமையான பொப் இசை ஸல்மானுக்குப் போதவில்லை. வெளியே வந்து ஜுனூனைத் தொடங்கினார். பாடகராக அலி அஸ்மத் சேர்ந்தார். நியூயோர்க்கில் தன்னோடு படித்த பிரையன் ஓ’கொனல் என்ற அமெரிக்க நண்பரை பேஸ் கிற்றார் வாசிக்க லாகூருக்கே அழைத்துக்கொண்டார். ஜுனூன் என்று நாம் சொல்லுவது இந்த மூவரைத்தான்.

1991இல் வந்த முதல் இசைத்தட்டும் 1993இல் வந்த ‘தலாஷ்’உம் பெரிதாக எடுபடவில்லை. கேட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். மேற்கத்திய ரொக்கை உர்துவில் பாடுகிறார்கள், அவ்வளவுதான். மொழி மட்டும் மாறினால் பாட்டு நம்முடையதாகிவிடாது.

சொல் கிடைத்த பிறகு

1996இல் வந்த ‘இன்கிலாப்’ முதல் நிலைமை மாறுகிறது. தபேலாவும் டோலக்கும் உள்ளே வருகின்றன. 1997இல் ‘ஆஸாதி’ வருகிறது. பாக்கிஸ்தானுக்கு ஐம்பது வயதான வருஷம். அதிலுள்ள ‘ஸயோனீ’ 1998இல் இந்தியத் தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஓடியது. ‘குதீ’ என்ற பாட்டுக்கு அவர்கள் எடுத்தது அல்லாமா இக்பாலை. 1999இல் வந்த ‘பர்வாஸ்’ புல்லே ஷாஹ்வின் மேல் கட்டியது.

புல்லே ஷாஹ் (1680–1757) கஸூர் நகரத்துப் பஞ்சாபிக் கவிஞர். ஸெய்யித் குடும்பத்தில் பிறந்து, தாழ்வாகக் கருதப்பட்ட அறாயீன் குலத்து ஷாஹ் இனாயத்தை முர்ஷிதாக ஏற்றவர். அதற்காகச் சொந்தக் குடும்பத்திடமே பேச்சுக் கேட்டவர். நான் யாரென்று எனக்கே தெரியாது என்று அவர் பாடிய கவிதையைத்தான் ‘புல்லேயா’ என்று ஜுனூன் பாடினார்கள். இனத்தையும் குலத்தையும் கேட்டு மனிதனை அளக்கிற ஊரில் அந்தக் கவிதை இன்றைக்கும் சுடும்.

இசையில் அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கவ்வாலியில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் அதை வேறொரு படிக்கு ஏற்றுவார்கள். அதற்குத் தக்ரார் என்று பெயர். நுஸ்ரத் பதேஹ் அலி கானைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ரொக் இசையிலும் கிற்றாரில் ஒரு சிறு துண்டை விடாமல் திருப்பி வாசிப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டக் கூடியவை என்பதை ஸல்மான் கண்டுகொண்டார். கவ்வாலியில் கைதட்டு செய்கிற வேலையை இங்கே டிரம் செய்தது. அலி அஸ்மத்தின் குரல் இனிமையானதென்று சொல்ல முடியாது. கரகரப்பும் இரைச்சலும் உள்ள குரல். ஆனால் ஸூபிக் கவிதை கேட்கிறது அந்தக் கதறலைத்தான். றாத்திபு மஜ்லிஸில் தஹ்ரா அடி ஏற ஏறக் குரலும் ஏறுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆட்சியோடு மோதல், கிறிக்கெட்டோடு கூட்டு

1996 உலகக் கிண்ணத்துக்காக ஜுனூன் பாடிய ‘ஜஸ்பா-ஏ-ஜுனூன்’ பாக்கிஸ்தானின் கிறிக்கெட் கீதமாகவே ஆகிவிட்டது. அந்த அணி கால் இறுதியில் பெங்களூரில் இந்தியாவிடம் தோற்றது. கிண்ணத்தை லாகூர் கடாபி மைதானத்தில் மார்ச் 17ஆம் திகதி தூக்கியது நம்முடைய அர்ஜுனவின் அணி. அதே போட்டித் தொடருக்காக, மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பயந்து அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தபோது, இந்தியரும் பாக்கிஸ்தானியரும் ஒரே அணியாக வந்து பெப்ரவரி 13ஆம் திகதி பிரேமதாச மைதானத்தில் ஆடினார்கள். அஸாருத்தீன் தலைவர், வஸீம் அக்ரமும் டெண்டுல்கரும் ஒரே பக்கம். புதுக்கடைக்கும் அந்த மைதானத்துக்கும் அதிக தூரமில்லை. ஜுனூன் பிறகு பாட்டால் செய்யப் பார்த்த வேலையை அன்றைக்கு ஒருநாள் கிறிக்கெட் செய்து காட்டியது.

ஊழலைச் சாடிய ‘எஹ்தஸாப்’ பாட்டுக்கு அவர்கள் எடுத்த படத்தில் ஒரு போலோக் குதிரை நட்சத்திர ஹோட்டலில் இருந்து சாப்பிடும். பெனாசிர் அரசு அதைத் தடை செய்தது. 1998 மே மாதம் இந்தியாவும் பாக்கிஸ்தானும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. அந்த நாட்களில் இந்தியாவில் பாடப் போயிருந்த ஜுனூன் குண்டுக்கு எதிராகப் பேசினார்கள். ஊரில் நவாஸ் ஷரீப் அரசின் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவர்களுக்குத் தடை விழுந்தது. ஒரு பாட்டுக்காரன் தன் நாட்டின் குண்டைப் பார்த்துக் கைதட்ட மறுப்பது சாமானியமான காரியமில்லை. 1999இல் யுனெஸ்கோ பரீஸில் அவர்களுக்கு விருது கொடுத்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தை மறைக்கக் கூடாது. ஊழலைச் சாடிய அதே குழு கொக்கா கோலா நிறுவனத்தின் அனுசரணையோடு பாடியது. 2001 செப்டெம்பருக்குப் பிறகு மேற்கு நாடுகளுக்கு ‘நல்ல முஸ்லிம்’ ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒக்டோபரில் ஜுனூன் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்தில் பாடினார்கள். ஸூபி ரொக் என்ற பெயர் அதற்குப் பிறகு ஒரு வியாபாரக் குறி போலவும் ஆகிவிட்டது. புல்லே ஷாஹ் தன் காலத்து அதிகாரத்துக்கும் போலி மார்க்கப் பற்றுக்கும் முன்னால் நின்று கேள்வி கேட்டவர். அவரை எவருக்கும் வலிக்காத சமாதானச் சின்னமாகக் காட்டினால் பாதி புல்லே ஷாஹ்தான் மிஞ்சுவார். 2003இல் வந்த ‘தீவா’ரைக் கேட்கும்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது. வாசிப்பு சுத்தம், ஒலிப்பதிவு சுத்தம், சொல்லில் பழைய சூடு இல்லை.

பிரிவும் இரண்டு பாதைகளும்

2005இல் அலி அஸ்மத் தன் தனி இசைத்தட்டை வெளியிட்டார். ஸல்மான் அமெரிக்காவில் இருந்துகொண்டு ஜுனூன் என்ற பெயரைத் தனியாகவே தொடர்ந்தார், பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். அவர்களுக்குள் என்ன சண்டை என்று தேடுவது வீண்வேலை. பாட்டைக் கேட்டாலே தெரிகிறது. அலி அஸ்மத்தின் தனிப் பாட்டுக்களில் குரல் இருக்கிறது, ஸல்மானின் தனிப் பாட்டுக்களில் சிந்தனை இருக்கிறது. ஒன்றுக்கு மற்றது தேவையாக இருந்தது.

இப்போது ஜுனைத் ஜம்ஷேதிடம் வருவோம். வைட்டல் சைன்ஸின் அந்தப் பாடகர் புகழின் உச்சியில் இருந்தபோதே இசையை விட்டார். தப்லீக் ஜமாஅத்தோடு சேர்ந்தார். வாத்தியம் இல்லாமல் நஅத் பாடினார். 2016 டிசம்பர் 7ஆம் திகதி சித்ராலில் இருந்து இஸ்லாமாபாத் போன விமானம் விழுந்து மௌத்தானார். நம் ஊர்களிலும் அவருக்காக எத்தனையோ பேர் துஆக் கேட்டார்கள். ஸல்மானைத் தெரிந்தவர்கள் நம்மில் அதில் பத்தில் ஒரு பங்கும் இருக்க மாட்டார்கள்.

ஒரே குழுவில் நின்ற இரண்டு பேர். இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: முஸ்லிமான நான் இந்தக் குரலை என்ன செய்வது? ஜுனைத் ஒரு பதில் சொன்னார், ஸல்மான் வேறொரு பதில் சொன்னார். நம் சபைகளில் முதலாவது பதில் மட்டும்தான் காதில் விழுகிறது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஸமாவுக்கென்றே ஒரு பாகம் ஒதுக்கி, எப்போது கூடும், எப்போது கூடாது, யாருக்குக் கூடும் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். இப்னு தைமிய்யா அதை வன்மையாக மறுத்தவர். இது ஆயிரம் வருஷத்து இல்முடைய விவாதம். நாமோ அதைத் தரீக்காவா தௌஹீதா என்ற ஊர்ச் சண்டையாகச் சுருக்கிவிட்டோம். ஜுனைதின் முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஒருவர் தன் மனச்சாட்சிக்குச் சொன்ன பதில். அதை எல்லாருடைய வாயிலும் போட்டுப் பூட்டக் கூடாது.

மறுபடி சேர்ந்தது

2018 கராச்சி மேடையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கண்ணீரைத்தான் எழுதினார்கள். மூவருக்கும் வயதாகியிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் 1997இல் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள், மீதிப் பேர் பிறந்தே இருக்க மாட்டார்கள். அவர்களும் சேர்ந்து பாடினார்கள். ஆனால் அந்த மேடையைத் தாங்கியது ‘ஸயோனீ’யும் அதன் காலத்துப் பாட்டுக்களும்தான். மீள்கூடல் என்பது பெரும்பாலும் ஞாபகத்தின் கச்சேரி. ஒரு இசைக்குழு உயிரோடு இருக்கிறதா என்பதைப் பழைய பாட்டுக்கு விழுகிற கைதட்டை வைத்துச் சொல்ல முடியாது, புதிதாக ஒரு கவிதையை எடுத்துப் பாடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அவர்கள் விட்டுப்போன சாதனை வேறிடத்தில் இருக்கிறது. வைட்டல் சைன்ஸில் ஜுனைதோடு இருந்த ரொஹைல் ஹயாத் 2008இல் தொடங்கிய கோக் ஸ்டூடியோ பாக்கிஸ்தானில் கவ்வாலும் கிற்றார்காரனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிப்பதைப் பார்க்கிறோம். அந்தப் பாதையை முன்கூட்டியே வெட்டியவர்களில் ஜுனூன் முக்கியமானவர்கள். மூவர் பிரிந்தாலும் பாதை மூடவில்லை.

நம் பக்கம்

பித்து ஜுனூன் என்றால், மஸ்து ஏறியவர் மஸ்தான். தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் (1792–1838) குணங்குடி மஸ்தான் சாகிபு என்று பேரெடுத்தார். இறைவனை மனோன்மணி என்று காதலியாக அழைத்துக் கண்ணி கண்ணியாகப் பாடினார். கண்ணி என்ற வடிவமே இரண்டிரண்டு அடியாகத் திரும்பித் திரும்பி வந்து ஒரே அழைப்பில் முடிவது. தக்ராருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் வடிவம் வேறு கிடைக்காது. தக்கலை பீர் முகம்மது அப்பா இருக்கிறார். நம் மலைநாட்டில் அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் இருந்தார். சொல்லுக்குப் பஞ்சமில்லை.

குரலுக்கும் பஞ்சமில்லை. நாகூர் ஹனீபாவின் குரல் இல்லாத ரமழான் நம் வீடுகளில் இருந்ததில்லை. சேலத்தில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த மொஹிதீன் பேக், சிங்களவர்களின் வெசாக் நாட்களுக்கே குரலானார். ஈழத்துப் பொப்பிசைக்கு ஏ. ஈ. மனோகரன் இருந்தார். ஆனால் மஸ்தான் சாகிபின் சொல்லும் இந்தக் காலத்துப் பொடியன் வாசிக்கிற கிற்றாரும் ஒரே அறையில் சந்தித்ததைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. நமக்கு மிஞ்சியிருப்பது சினிமா மெட்டில் போட்ட மார்க்கப் பாட்டு, இல்லாவிட்டால் பொருள் விளங்காத வேற்றுமொழி நஷீத்.

ஜுனூனைப் போல ஒரு குழு நமக்கும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களைப் பார்த்துப் பண்ணினால் அவர்களுடைய முதல் இரண்டு இசைத்தட்டுக்களைப் போலத்தான் இருக்கும். அவர்கள் செய்த ஒரு காரியத்தைச் செய்யலாம். உட்கார்ந்து தங்கள் புலவரைப் படித்தார்கள். நம் மத்ரஸாக்களிலும் பாடசாலைகளிலும் மஸ்தான் சாகிபின் பத்துக் கண்ணியைப் பொருளோடு சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் போதும். வானொலி முஸ்லிம் சேவையின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிப் பாதுகாக்க ஆர்வமுள்ள நாலு பேர் போதும். வாத்தியம் கூடாது என்கிறவர்கள் தஹ்ராவோடு பாடட்டும், அதுவும் வேண்டாம் என்றால் வெறும் குரலில் பாடட்டும். கூடும் என்கிறவர்கள் கிற்றாரை எடுக்கட்டும். எப்படிப் பாடினாலும் பாடுகிற சொல் நமக்கு விளங்குகிற நம் சொல்லாக இருக்கட்டும்.