ஃபால்கன் 3.0: பழைய கணினியில் ஒரு போர் விமானம்

ஃபால்கன் 3.0, எஃப்-16 போர் விமானத்தை ஓட்டும் அனுபவத்தைக் கணினித் திரையில் உருவாக்கிய சிமுலேட்டர் விளையாட்டு. கலிபோர்னியாவின் அலமேடாவில் இயங்கிய ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் நிறுவனம் 1991-ல் டாஸ் இயங்குதளத்துக்காக இதை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் முதல் ஃபால்கன் 1987-ல் வந்தது. டெட்ரிஸை 1988-ல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இதே நிறுவனம்தான். அதை நடத்திய கில்மன் லூயி பின்னாளில், 1999-ல், சி.ஐ.ஏ.வுக்காகத் தொடங்கப்பட்ட இன்-கியூ-டெல் என்னும் முதலீட்டு அமைப்பின் முதல் தலைமை நிர்வாகி ஆனார். விளையாட்டுக்கும் படைத்துறைக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த விளையாட்டை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விமானத்தைப் பற்றி இது சொல்வது எவ்வளவு உண்மை? போரைப் பற்றி இது சொல்வது எவ்வளவு உண்மை? வெளிவந்த காலத்தில் இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டன. 'அசலைப் போலவே' என்ற ஒரே பாராட்டு இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. இன்று அது போதாது.

இந்தக் கேள்விகளைத் தாம்பரத்தை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கத்தில் வைத்துக் கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. கிழக்குத் தாம்பரத்து விமானப்படை நிலையத்தில் விமானப் பயிற்றுநர் பள்ளி இயங்குகிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கப்பட்ட இப்பள்ளி 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. புதியவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பது இதன் வேலை அல்ல. ஏற்கெனவே விமானிகளாக இருப்பவர்களைக் கற்றுக்கொடுப்பவர்களாக ஆக்குவது. கிரண், பிலாட்டஸ் பிசி-7, சேத்தக் ஹெலிகாப்டர் ஆகியவை இங்கே பயன்பட்டிருக்கின்றன. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வட்டாரத்தில் வடாம் காயப்போட மொட்டைமாடிக்கு வருகிறவர்களுக்கும் பயிற்சி விமானம் பழகிய காட்சி. ஒரே விமானம் ஒரே பாதையில் வட்டமிட்டு இறங்கப் போகும். சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி ஏறும். மறுபடி அதே வட்டம். பறத்தல் என்பதில் பெரும்பகுதி இந்த அலுப்பூட்டும் திரும்பச் செய்தல்தான் என்பது இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு விமானங்கள்

ஃபால்கன் 3.0-ன் உயிர் அதன் பறத்தல் கணக்கில் இருக்கிறது. விமானத்தின் வேகம், எடை, இறக்கையின் கோணம், காற்றின் அடர்த்தி எல்லாவற்றையும் நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு, அடுத்த கணம் விமானம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குப் புள்ளி எண்களில் விரைவாகக் கணக்கிடும் திறன் தேவை. அன்றைய 386 கணினிகளில் அந்தத் திறன் இயல்பாக இல்லை. 387 என்னும் கணிதத் துணைச்செயலியைத் தனியாக வாங்கித் தாய்ப்பலகையில் பொருத்த வேண்டும். 486-ல் டிஎக்ஸ் வகைக்குள் அது அடங்கியிருந்தது. விலை குறைந்த எஸ்எக்ஸ் வகையில் இல்லை.

ஃபால்கன் 3.0-ன் மிக நுட்பமான பறத்தல் முறை துணைச்செயலி இருந்தால் மட்டுமே இயங்கும். இல்லாதவர்களுக்கு எளிய முறைகள் உண்டு. இதன் விளைவை அக்கால விமர்சனங்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரே பெட்டியை வாங்கிய இருவர் இரண்டு வேறு விமானங்களை ஓட்டினார்கள். எளிய முறையில் எஃப்-16 ஒரு கீழ்ப்படிதலுள்ள பொம்மை. இழுத்த பக்கம் திரும்பும், தண்டனை குறைவு. நுட்பமான முறையில் அதே திருப்பத்துக்கு விலை உண்டு. கட்டுப்பாட்டுக் கோலை இறுக்கி இழுத்துக்கொண்டே இருந்தால் வேகம் கரைகிறது. வேகம் கரைந்தால் அடுத்த திருப்பத்துக்கு எதுவும் மிச்சமில்லை. உயரத்தை விற்று வேகம் வாங்கலாம், வேகத்தை விற்று உயரம் வாங்கலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் செலவழித்தவன் எதிரியின் முன்னால் நிராயுதபாணி. மளிகைக் கடைக் கணக்கு மாதிரியான இந்த வரவு செலவுதான் வான்போரின் இயற்பியல். அதை ஒரு மேசைக் கணினி நேர்மையாகச் சொன்னது பெரிய விஷயம்.

இதை விளக்கிச் சொல்ல ஓர் ஆசிரியரும் வந்தார். எஃப்-16 விமானியான பீட் பொனானி, ஃபால்கன் 3.0-ஐ வைத்தே வான்போர்ப் பாடம் நடத்தும் 'ஆர்ட் ஆஃப் த கில்' என்னும் புத்தகமும் காணொளியும் தயாரித்தார். அசல் விமானி ஒருவர் தன் தொழிலைக் கற்பிக்க ஒரு விளையாட்டைக் கரும்பலகையாகப் பயன்படுத்தினார் என்பதைவிடப் பெரிய சான்றிதழ் அந்தப் பறத்தல் கணக்குக்குத் தேவையில்லை.

இருந்தாலும் தாம்பரத்தோடு ஒப்பிட்டால் ஒரு குறை தெரிகிறது. கிரண் விமானத்தில் பயிற்றுநரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். பயிற்றுநர் தான் செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவார். பிறகு மாணவர் செய்வார். பயிற்றுநர் பள்ளியில் மெனக்கெட்டுப் பழக்கப்படுத்துவது இந்தப் பேச்சைத்தான்: கை செய்வதும் வாய் சொல்வதும் ஒரே கணத்தில் பொருந்த வேண்டும். ஃபால்கன் 3.0-ல் பக்கத்து இருக்கை இல்லை. தவறு செய்தால் விமானம் விழுகிறது. ஏன் விழுந்தது என்று விளையாட்டு சொல்வதில்லை. அந்த இடத்தைத் தடித்த கையேடு நிரப்ப வேண்டும். பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்கு நகலெடுத்துக் கைமாறிய பிரதிகளோடு கையேடு வந்ததில்லை. இந்தியாவில் இதை ஆடியவர்களில் பலர் எந்த விசை எதற்கு என்று தட்டித் தட்டியே கண்டுபிடித்தவர்கள். ஆசிரியரும் நூலும் இல்லாமல் ஏகலைவன் வழியில் கற்ற பறத்தல் அது. அதனால் ராடாரின் முறைகளில் பாதியைத் தொடாமலே ஆண்டுக்கணக்காக ஆடியவர்களும் உண்டு.

640 கிலோபைட்டுக்குள் ஒரு வானம்

விளையாட்டைத் தொடங்குவதே ஒரு தனிப் பயிற்சி. டாஸ் இயங்குதளத்தில் நிரல்களுக்குக் கிடைக்கும் அடிப்படை நினைவகம் 640 கிலோபைட். மவுஸ், ஒலி அட்டை, சிடி எல்லாவற்றுக்குமான இயக்கிகள் அதிலேயே இடம் பிடிக்கும். ஃபால்கன் 3.0-க்கு அதில் 600 கிலோபைட்டுக்கும் மேல் காலியாக வேண்டும். எனவே கன்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்செக்.பேட் என்னும் இரு கோப்புகளையும் திறந்து, எதை மேல் நினைவகத்துக்குத் தள்ளலாம், எதை நீக்கலாம் என்று வரி வரியாகத் திருத்த வேண்டும். இந்த ஒரு விளையாட்டுக்காகவே தனித் தொடக்க பிளாப்பி வைத்துக்கொள்வது உலகமெங்கும் வழக்கம். ஒரு தலைமுறைக்குக் கணினியின் உள்ளமைப்பைக் கற்பித்த பெருமையில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் அதைப் பெருமை என்று சொல்வது பின்னோக்கிப் பார்க்கும்போது வரும் தாராளம். அன்று அது வெறும் எரிச்சல். போதாததற்கு விளையாட்டு ஏராளமான பிழைகளோடு வெளிவந்தது; திருத்தப் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திருத்தங்கள் கைக்கு எட்டாத ஊர்களில் அந்தப் பிழைகளும் விளையாட்டின் விதிகளாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டன.

போர்க்களம்

ஃபால்கன் 3.0-ன் மூன்று போர்க்களங்கள் பனாமா, இஸ்ரேல், குவைத். அமெரிக்கா பனாமாவில் படையிறக்கியது 1989 டிசம்பரில். வளைகுடாப் போர் நடந்தது 1991 ஜனவரி, பிப்ரவரியில். செய்தியின் சூடு ஆறுவதற்குள் அது விளையாட்டாகிவிட்டது. தொலைக்காட்சியில் அந்தப் போர் பெரும்பாலும் மேலிருந்தே காட்டப்பட்டது: குறுக்குக் கோடுகளின் நடுவே ஒரு கட்டடம், பிறகு ஒரு வெண்மை. ஃபால்கன் 3.0 அதே கண்ணைத்தான் ஆடுபவருக்குக் கொடுக்கிறது. நிலம் தட்டையான நிறப் பரப்பு, மலைகள் கூம்புகள், கட்டடங்கள் பெட்டிகள். 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட திரையில் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. ஆயினும் தொழில்நுட்பப் பற்றாக்குறையால் நேர்ந்த இந்த வெறுமை ஒரு கருத்தாகவும் வேலை செய்கிறது. கீழே யாருமே இல்லை.

தமிழ் வாசகருக்கு இது சிறிய விஷயமாக இருக்க முடியாது. இந்த விளையாட்டு பல வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் குழந்தைகள் இரைச்சலை வைத்தே 'பொம்மர்' எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுபிடித்துப் பங்கருக்குள் ஓடப் பழகியிருந்தார்கள். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விமானத்தை அண்ணாந்து பார்த்தே அறிந்த ஒரு மொழிச் சமூகம், விமானி இருக்கையிலிருந்து குனிந்து பார்க்கும் விளையாட்டை ஆடியது. இவ்விரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் எழுத்து தமிழில் இன்னும் வர வேண்டியிருக்கிறது.

இந்தியாவை நேராகத் தொடுவது 1992-ல் வந்த 'ஆபரேஷன் ஃபைட்டிங் டைகர்' என்னும் கூடுதல் தொகுப்பு. குரில் தீவுகள், கொரியா ஆகியவற்றோடு இந்திய-பாகிஸ்தான் போர்க்களமும் இதில் உண்டு. சொந்த நாட்டு வரைபடத்தைத் திரையில் கண்ட மகிழ்ச்சி சற்று நேரம்தான் நிற்கும். ஏனெனில் ஃபால்கன் என்பது எஃப்-16. துணைக்கண்டத்தில் அந்த விமானத்தை வைத்திருந்த ஒரே நாடு பாகிஸ்தான். 1983 முதல் அது அவர்களிடம் இருக்கிறது. இந்தியாவிடம் மிக்-21-ம் ஜாகுவாரும் மிராஜ் 2000-மும் மிக்-29-ம் இருந்தன. ஆக, இந்திய வானத்தில் பறக்கும் இந்திய ஆட்டக்காரர் தனக்கு அந்நியமான இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சதி என்று கருத வேண்டியதில்லை. தங்களிடம் இருந்த ஒரு விமானத்தை எந்த வரைபடத்தின் மேலும் ஒட்டலாம் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள், அவ்வளவே. ஆனால் ஒரு போரை 'களம்' என்று பெயரிட்டு அட்டைப்பெட்டியில் விற்கும்போது அந்தப் போரின் இரு தரப்பும் ஏன் சண்டையிடுகின்றன என்ற கேள்வி முதலிலேயே கழன்று விழுந்துவிடுகிறது. 1993-ல் மிக்-29 விமானத்துக்கென்றே தனித் தொகுப்பு வந்தது. எதிரியின் விமானம் என்ற அடைமொழியோடு அது விற்கப்பட்டது. இந்திய விமானப்படையோ அதே விமானத்தை 1987-லேயே சேர்த்துக்கொண்டிருந்தது.

2019 பிப்ரவரி 27 அன்று இந்தக் கற்பனை ஏறத்தாழ அப்படியே நடந்தது. காஷ்மீர் எல்லைக்கோட்டின் மேல் நடந்த வான்மோதலில் சென்னையைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிய மிக்-21 வீழ்த்தப்பட்டது. அவர் ஒரு எஃப்-16 விமானத்தை வீழ்த்தினார் என்று இந்தியா கூறியது, பாகிஸ்தான் மறுத்தது. மக்கள் மனதில் நின்றது அந்த மோதல் அல்ல. வானிலிருந்து குதித்து இறங்கியவர் எல்லைக்கு அப்பால் பிடிபட்டதும், மார்ச் 1 அன்று வாகா வழியாக நடந்து திரும்பியதுமே நின்றன. ஃபால்கன் 3.0-ல் வெளியேறும் விசையை அழுத்தியவுடன் பறத்தல் முடிந்துவிடுகிறது. மனிதர்களைப் பற்றிய கதை அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பதை விளையாட்டு அறியாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். நீண்ட போர்த்தொடர் முறையில் ஆடுபவர் ஒரு படைப்பிரிவுக்குப் பொறுப்பாளர். யாரை அனுப்புவது என்று அவரே தேர்ந்தெடுக்கிறார்; இறந்த விமானி அடுத்த பணிக்குத் திரும்பி வருவதில்லை. பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் போவது திரையில் தோன்றும் எந்த வெடிப்பையும்விட அதிகமாக உறைக்கிறது. இந்தத் திசையில் மேலும் போயிருந்தால் ஃபால்கன் வேறு படைப்பாக ஆகியிருக்கும். 1998-ல் வந்த ஃபால்கன் 4.0 வேறு வழியில் சென்றது. அதில் ஆடுபவர் இல்லாமலே கொரியப் போர் முழுவதும் தானாக நடந்துகொண்டிருக்கும். அவர் அதில் ஒரு துளி. அதன் மூல நிரல் 2000-ல் வெளியே கசிந்தது. ஆர்வலர்கள் அதை இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். 3.0-க்கு அப்படிப்பட்ட மறுபிறவி அமையவில்லை.

இன்று ஆடுவது

டாஸ்பாக்ஸ் போன்ற நிரல்களால் ஃபால்கன் 3.0 இன்றைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. துணைச்செயலியும் நினைவகமும் அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் வேகத்தைக் கையால் சரிசெய்ய வேண்டும். கூடினால் விமானம் பதற்றப்படும், குறைந்தால் திணறும்.

அசல் 486-ல் ஆட நினைப்பவருக்குச் சென்னையின் ஈரக்காற்று முதல் எதிரி. அக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் கடிகாரத்துக்கென ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது ஒழுகிச் சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடும். பழைய கணினி கிடைத்தவுடன் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கத்தரித்து எடுத்துவிடுவது நல்லது. பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருந்தால் அது படிக்கும் முனையையும் கெடுக்கும். பழைய பதினைந்து முனை ஜாய்ஸ்டிக்கோ ஒவ்வொரு முறையும் மையம் விலகும். அதன் நிலையைக் கணினி அளப்பது ஒரு மின்தேக்கி நிரம்பும் நேரத்தை வைத்து. எனவே கணினியின் வேகம் மாறினால் அளவும் மாறிவிடும்.

முதல்முறை ஆடுகிறவர் போர்த்தொடருக்குள் போகாமல், பணிகளைத் தானே வடிவமைக்க உதவும் ரெட் ஃப்ளாக் பகுதியில் எதிரி இல்லாத ஒரு பணியை அமைத்துக்கொள்ளலாம். பறத்தல் முறையை மிக நுட்பமானதாக வைத்து, ஆயுதம் ஏற்றாமல், ஏறி ஒரு வட்டமிட்டு அதே ஓடுபாதையில் இறங்கிப் பார்க்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் மூக்கு தாழ்கிறது, மூக்கைத் தூக்கினால் வேகம் இன்னும் குறைகிறது, இரண்டையும் சமாளிப்பதற்குள் ஓடுபாதை காலடியில் கடந்து போய்விடுகிறது. நாலைந்து முறை தரையில் மோதிய பிறகு சக்கரம் ஒழுங்காகத் தொடும். ராஜகீழ்ப்பாக்கத்து மாடிக்கு மேலே பயிற்சி விமானம் மூன்றாவது வட்டத்துக்குத் திரும்புவதும் இதற்காகத்தான்.