பூட்டுக்குப் போகும் பாராட்டு

ஒவ்வொரு ஜனவரியிலும் பத்ம விருதுப் பட்டியல் வந்ததும் நாளிதழ்கள் கிராமத்துக் கலைஞர் ஒருவரைத் தேடிப் பிடிக்கின்றன. 2021-இல் பூரி பாய்: போபாலில் பாரத் பவன் கலை மையம் எழுந்தபோது கட்டட வேலையில் சுமை தூக்கியவர். 2023-இல் ஜோதையா பாய்: விறகு விற்றுப் பிழைத்து, முதுமையில் தூரிகை பிடித்தவர். சுமைக்கும் விறகுக்கும் நான்கு பத்தி ஒதுக்குவார்கள். ஓவியத்துக்கு 'வண்ணமயமானது' என்று ஒரு வரி. இந்த வகை எழுத்துக்கெல்லாம் தாய்க்கதை, சத்தீஸ்கரின் புஹ்புத்ரா கிராமத்தைச் சேர்ந்த சோனாபாய் ரஜவாரின் கதைதான்.

கலை உலகம் அதை மனப்பாடமாகச் சொல்லும். கணவர் சுமார் பதினைந்து ஆண்டுகள் அவரை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. யாரையும் உள்ளே விடவுமில்லை. குழந்தைக்குப் பொம்மை செய்யக் களிமண்ணைப் பிசைந்தார், வீடே சிற்பமாயிற்று. 1983-இல் பாரத் பவன் குழு கண்டெடுத்தது. குடியரசுத் தலைவர் விருது வந்தது.

பாரத் பவனின் ஓவியர் ஜ. சுவாமிநாதன் கிராமம் கிராமமாக ஆளனுப்பித் தேடியிராவிட்டால் அந்த வீடு யாருக்கும் தெரியாமலே இடிந்திருக்கும். சோனாபாயைப் பார்த்து அந்த வட்டாரப் பெண்கள் பலர் இந்த வேலையைக் கற்று வருமானமும் கண்டார்கள். கதை நிறையப் பேரை அந்த வீட்டுப் பக்கம் திரும்ப வைத்தது என்பதும் உண்மை. நல்லது.

ஆனால் தனிமைதான் இந்தக் கலையைப் பெற்றது என்கிற வாதத்தை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. பூட்டு கலைஞரை உண்டாக்கும் என்றால் இந்த நாட்டில் வீட்டுக்கு ஒரு சிற்பி இருந்திருக்க வேண்டும். துன்பத்தில்தான் கலை பூக்கும் என்று உருகுகிறவர்கள் யாரும் அந்த நம்பிக்கையில் தம் மகளைப் பூட்டி வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சோனாபாயின் வேலையைப் பாருங்கள். மூங்கிலைச் சன்னமாகக் கீறி, வளையமாக வளைத்து, வளையத்தோடு வளையத்தைக் கட்டி, மேலே மண் பூசிய தட்டி அது. திண்ணைத் தூண்களுக்கு நடுவே நிற்கிறது. வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். நிழல் தரையில் வட்டம் வட்டமாக விழும். அந்த ஓட்டைகளில் பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன, குரங்குகள் தொற்றுகின்றன, பாம்பு நெளிகிறது. எந்த வளையத்தை நிரப்புவது, எதைச் சும்மா விடுவது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிவு தெரிகிறது. இந்த முடிவுகளைத் தனிமை எடுக்காது. ஒரு கை எடுத்தது.

அந்தக் கை வெறுங்கையாகவும் கல்யாணத்துக்கு வரவில்லை. அறுவடைக்குப் பின் வரும் சேர்தா பண்டிகைக்கு வீட்டைப் புதிதாக மெழுகிச் சுவரில் மண்ணால் புடைப்புக் கோலம் வைப்பது ரஜவார் சமூகப் பெண்களின் வழக்கம். அந்தப் பெண்கள் நடுவே வளர்ந்தவர் 'தானே கற்றவர்' ஆனது எப்படி? சுவரில் ஒட்டிக் கிடந்த புடைப்பைப் பிய்த்துக் காற்றில் நிறுத்தியது சோனாபாயின் தனித் தாவல், சந்தேகமில்லை. அந்தத் தாவல் எப்படி நடந்தது என்பதுதான் விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி. கேட்பாரில்லை, எல்லாக் கேள்விக்கும் பூட்டு பதில் சொல்லிவிடுகிறதே!

கதை செய்கிற பெரிய அநியாயம் வேறு. சோனாபாய் இறந்தது 2007-இல். கதவு திறந்தபின் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து வேலை செய்தார். வெளியூர் போனார், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலம் கதையில் வெறும் பின்குறிப்பு. தன் திண்ணைக்காகச் செய்த தட்டிக்கும், அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவருக்காகச் செய்ததற்கும் என்ன வேறுபாடு? பின்னால் வெயிலில்லாதபோது வளையங்கள் எதற்கு? கடை நிறம் கைக்கு வந்தபின் மண் நிறம் என்ன ஆனது? பிக்காசோவுக்கு நீலக் காலம், இளஞ்சிவப்புக் காலம் என்று பிரித்துப் பேசத் தெரிந்தவர்களுக்குச் சோனாபாயிடம் சிறைக்காலம் ஒன்றுதான் தெரிகிறது.

1983-க்குப் பிந்தைய வேலைகளை மட்டும் வரிசைப்படுத்தி யாராவது ஒரு கண்காட்சி வைக்கட்டும். அதன் விளக்கப் பலகைகளில் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.