தூது அனுப்பிய காதலன்

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' பாடமாக இருந்தது. அதில் வரும் ஆர்ஸினோ பிரபுவை எங்கள் பேராசிரியர் அரைப் பக்க நோட்ஸில் முடித்துவிட்டார். 'இவன் ஒரு பெண்ணைக் காதலிப்பவன் அல்ல, காதலையே காதலிப்பவன்.' அதை அப்படியே பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாயிற்று. போன மாதம் அலமாரியைக் குடைந்ததில் அந்தப் பழைய புத்தகம் அகப்பட்டது. ஆர்ஸினோவின் முதல் வசனத்துக்குப் பக்கத்தில், என் இருபது வயதுக் கையெழுத்தில், பென்சிலால் 'அசடு' என்று எழுதியிருக்கிறேன். நாற்பது வருஷம் கழித்து மறுபடி படித்தபோது அந்த வார்த்தையை அழிக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வயோலா என்ற பெண் கப்பல் உடைந்து இல்லீரியா தேசத்தில் கரை ஒதுங்குகிறாள். கூடப் பிறந்த இரட்டை, செபாஸ்டியன், மூழ்கிவிட்டான் என்று நினைக்கிறாள். ஆண் வேஷம் போட்டு, 'சிஸாரியோ' என்ற பெயரில் ஆர்ஸினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள். ஆர்ஸினோ காதலிப்பது ஒலிவியாவை. அவளோ செத்துப்போன சகோதரனுக்காக ஏழு வருஷம் துக்கம் காப்பேன் என்று முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் காதல் தூது போகும் சிஸாரியோ மேல் அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. தூது போகும் வயோலாவுக்கோ எஜமான் மேல். 'எங்கேயோ பார்த்த கதையா இருக்கே' என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொன்னால் ஆச்சரியமில்லை. 1949-ல் கே. ராம்நாத் இதைத்தான் 'கன்னியின் காதலி' என்று தமிழில் எடுத்தார். மாதுரி தேவி நடித்த படம். கண்ணதாசன் சினிமாவுக்கு முதன்முதலாகப் பாட்டு எழுதியதும் அதில்தான்.

ஆர்ஸினோவுக்கு வருவோம். திரை விலகும்போதே பிரபு சோபாவில் சாய்ந்து சங்கீதம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் வாசி, நிறைய வாசி, திகட்டித் திகட்டி இந்தக் காதல் பசியே செத்துப் போகட்டும் என்கிறார். வாசிக்கிறார்கள். அடுத்த நிமிஷமே, போதும் நிறுத்து, முன்னே மாதிரி இனிக்கவில்லை என்கிறார். வேட்டைக்குப் போகலாமா என்று ஒருவன் கேட்டால், வேட்டையாடப்படும் மானே நான்தான் என்று பதில் வருகிறது. ஒலிவியா துக்கத்தில் இருக்கிறாள் என்று செய்தி வருகிறதே, அதற்காவது 'அடப்பாவமே' என்று ஒரு வார்த்தை? கிடையாது. சகோதரனுக்கே இவ்வளவு என்றால் நாளைக்கு எனக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். நான் எழுதிய 'அசடு' இந்த இடத்துக்குத்தான்.

தமிழில் இதற்குத் தொல்காப்பியர் காலத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள்: கைக்கிளை. ஒருதலைக் காதல். ஆனால், நம் ஊர்க் காதலன் விரக்தி முற்றினால் பனைமடல் குதிரை மேல் ஏறி, எருக்கம்பூ சூடி, மானத்தை விட்டுத் தெருவுக்காவது வருவான். ஆர்ஸினோ வீட்டை விட்டே நகர மாட்டான். ஆள் அனுப்புவான். நாடகத்தில் மொத்தம் பதினெட்டுக் காட்சிகள். நாலே நாலில்தான் பிரபு தலைகாட்டுகிறார். மூன்றாவது, நாலாவது அங்கங்களில் ஆளையே காணோம். ஒலிவியாவை நம் கண்ணெதிரே அவன் நேரில் சந்திப்பது கடைசிக் காட்சியில்தான்!

இத்தனைக்கும் அவளுக்கு அவன் மேல் ஒரு புகாரும் இல்லை. நல்ல குலம், பணம், படிப்பு, வீரம் எல்லாம் இருக்கிறது, எனக்குத்தான் காதல் வரவில்லை என்று தெளிவாகச் சொல்லி அனுப்புகிறாள். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தாண்ட பார்னபி ரிச்சின் 1581-ம் வருஷத்து மூலத்தில் இந்தப் பிரபு துருக்கியரோடு சண்டை போட்டுவிட்டு வருகிற போர்வீரன். நாடகத்திலும் ஆர்ஸினோவுக்குக் கடற்படை இருக்கிறது. கடைசிக் காட்சியில் தன் பழைய எதிரி அன்டோனியோவைக் கைதியாகப் பார்த்ததும், ஒரு துக்கடாக் கப்பலை வைத்துக்கொண்டு எங்கள் பெரிய கப்பலை என்னமாய் மோதினான் என்று மனசாரப் புகழ்கிறான். எதிரியிடம் இவ்வளவு பெருந்தன்மை உள்ளவன்தான் சோபாவில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகவே, அசடு என்பதைவிட, வேலையில்லாமல் கிடந்தவன் என்று எழுதியிருக்கலாம்.

இவன் மாறுகிறானா இல்லையா? என் கட்சி, மாறுகிறான் என்பதே. மாறுவது எங்கே என்றால் இரண்டாம் அங்கம், நாலாவது காட்சி. நாடகம் கைவசம் இருந்தால் அந்தக் காட்சியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

பழைய பாட்டின் மெட்டை வாசிக்கிறார்கள். எப்படி இருக்கிறது என்று சிஸாரியோவைக் கேட்கிறான். பையன் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்கிறான். அந்த அழகில் ஆர்ஸினோ திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். நீ யாரையோ காதலிக்கிறாயே, யார், எப்படி இருப்பாள், வயசு என்ன என்று விசாரிக்கிறான். உங்கள் சாயல், உங்கள் வயசு என்று பையன் சொல்ல, அவ்வளவு கிழவியா, கூடாது என்று உபதேசம் செய்கிறான். பிரபுவுக்கு உறைக்கவில்லை. பரவாயில்லை, இன்னொருத்தன் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றியதே, அதைச் சொல்கிறேன்.

அதே காட்சியில் முதலில், ஆண்களின் காதல்தான் பெண்களுடையதைவிடச் சீக்கிரம் மாறும் என்கிறான். கொஞ்ச நேரத்தில் நேர் எதிராக, எந்தப் பெண்ணின் நெஞ்சும் என் காதலைத் தாங்காது, என்னுடையது கடல் என்கிறான். இடையில் விதூஷகன் ஃபெஸ்டி, நிறம் மாறும் பட்டுத் துணி மாதிரி ஐயா உங்கள் மனசு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறான். எஜமானிடம் இப்படிப் பேசச் சம்பளம் வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்கள், பாருங்கள்.

அப்புறம் வயோலா ஒரு கதை சொல்கிறாள். எங்க அப்பாவுக்கு ஒரு பெண், ஒருவரைக் காதலித்தாள், வெளியே சொல்லவே இல்லை, உள்ளுக்குள்ளேயே வைத்து உருகினாள். அவ்வளவுதான் கதை. கடல், பசி என்று முழங்கிக்கொண்டிருந்த ஆர்ஸினோ கப்சிப். பிறகு அவன் கேட்பது, அந்தப் பெண் அதனால் செத்துப் போனாளா என்று.

எனக்கு நாடகம் திரும்புவது இந்தக் கேள்வியில்தான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வலியைப் பற்றி, தனக்கு அதில் ஒரு லாபமும் இல்லாமல், கேட்கிறான். பதிலுக்கு வயோலா ஒரு புதிர் போட்டுவிட்டு, நான் ஒலிவியாவிடம் போகட்டுமா என்று ஞாபகப்படுத்துகிறாள். அப்போதுதான், ஆமாம் அதுதானே பேச்சு என்கிற தோரணையில் சுதாரித்துக்கொண்டு நகையைக் கொடுத்தனுப்புகிறான். கவனியுங்கள், ஒலிவியாவை மறந்தே போயிருந்தான்! நான் ரப்பரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டது இங்கே.

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை. ஹாஸ்டலில் இருந்தபோது எனக்காக ஒரு ஜூனியர் பையன் நாலைந்து கடிதங்கள் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி வந்ததும் 'என்னடா சொன்னா? சிரிச்சாளா? படிச்சாளா?' என்று குடைவேன். பதில் ஒருநாளும் வரவில்லை, அது வேறு விஷயம். அந்தப் பையனுக்கு மனசில் யாராவது இருந்தார்களா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. ஆர்ஸினோ கேட்டிருக்கிறான். மார்ஜினில் 'அசடு' என்று எழுதியவனின் லட்சணம் இது.

ஐந்தாவது அங்கம் என் கட்சிக்கு இடைஞ்சல். ஒலிவியா வீட்டு வாசலுக்கு நேரிலேயே வந்துவிட்ட ஆர்ஸினோ, அவள் மனசு சிஸாரியோ மேல் இருப்பது தெரிந்ததும் கொதிக்கிறான். ஒரு பழைய கிரேக்கக் கதையில் எகிப்துக் கொள்ளைக்காரன் தன் காதலியைக் கொல்லப் பார்த்தது மாதிரி உன்னைக் கொன்றால் என்ன என்று முதலில் அவளிடம் கேட்கிறான். பிறகு, அவளைப் பழிவாங்க இந்தப் பையனைப் பலி கொடுக்கிறேன் என்கிறான். ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். காமெடி நாடகத்தில் வந்தாலும் கொலை மிரட்டல் கொலை மிரட்டல்தான். இதைச் சில இயக்குநர்கள் சிரிப்பாக்கித் தாண்டிவிடுகிறார்கள். அது சரியில்லை.

ஆனால், அந்த ஆத்திரத்தின் நடுவே அவனை அறியாமல் ஒன்று வெளியே வந்துவிடுகிறது. பலி கொடுக்கப்போகிற ஆட்டுக்குட்டி தான் நேசிக்கிற குட்டி என்கிறான். சிஸாரியோ பெண் என்று தெரிவதற்கு முன்னால்! 'கடைசி அஞ்சு நிமிஷத்துல ஒருத்தியை விட்டு இன்னொருத்திக்குத் தாவுறான், நம்பவே முடியலை' என்று சொல்கிறவர்கள் இந்த வார்த்தையைக் கவனிப்பதில்லை. தாவவில்லை. மூன்று மாதமாகப் பக்கத்திலேயே இருந்ததற்கு இப்போதுதான் பெயர் தெரிகிறது. 1996-ல் ட்ரெவர் நன் எடுத்த படத்தில் டோபி ஸ்டீஃபன்ஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டு நடித்திருப்பார். ஃபெஸ்டியின் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஆர்ஸினோவும் சிஸாரியோவும் முகத்தோடு முகம் நெருங்கி, சட்டென்று விலகிக்கொள்வார்கள். அந்தப் பிரபு முகத்தில் ஒரு கலவரம் தெரியும். 'எனக்கு என்ன ஆச்சு?' 2006-ல் இதையே அமெரிக்கப் பள்ளிக்கூடக் கால்பந்தாட்டக் கதையாக்கி 'ஷீ இஸ் த மேன்' என்று எடுத்தார்கள். அதில் ட்யூக் என்பது பட்டம் இல்லை, பையனின் பெயர். அவன் அசடேதான்.

1602 பிப்ரவரி 2-ம் தேதி லண்டன் மிடில் டெம்பிளில் இந்த நாடகம் நடந்தது. பார்த்த ஜான் மேனிங்ஹாம் என்ற சட்டக் கல்லூரி மாணவர் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். மால்வோலியோவை ஏமாற்றிய தந்திரம் பிரமாதம் என்கிறார். ஆர்ஸினோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பேராசிரியராவது அரைப் பக்கம் கொடுத்தார்.

முடிவிலும் ஷேக்ஸ்பியர் ஒரு குறும்பு செய்திருக்கிறார். வயோலாவின் பெண் உடைகள் ஒரு கப்பல் தலைவனிடம் இருக்கின்றன. அவன் மால்வோலியோ போட்ட வழக்கில் சிறையில் இருக்கிறான். மால்வோலியோ கோபித்துக்கொண்டு போய்விட்டான். சமாதானப்படுத்திக் கூட்டி வாருங்கள் என்று ஆர்ஸினோதான் ஆள் அனுப்புகிறான். பழக்கம் போகவில்லை. உடை வரவே இல்லை, நாடகம் முடிந்துவிடுகிறது. கல்யாணப் பெண்ணைக் கல்யாணப் பெண்ணாக அவனும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை. கால்சட்டையில் நிற்கிறவளைப் பார்த்து, வா போகலாம் என்று கடைசியாக அவன் கூப்பிடுவதும் 'சிஸாரியோ' என்றுதான்.